அரைக்கிராமும் படிக்காத கார்டும்

எடை, அளவுத் துறையில் ஆய்வாளராக முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த மனிதரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'சார்'. முதுகுக்குப் பின்னால் 'அரைக்கிராம்'. ஒரு மருந்துக் கடையின் தராசு அரைக்கிராம் கூடுதலாகக் காட்டுகிறது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார். நாலாவது தடவை கடைக்காரர் கண்ணீர் விட்ட பிறகும் முத்திரை குத்தாமல் இறங்கிப் போனார். அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. முதலில் வைத்தது யார் என்று இன்னும் துருவிக்கொண்டிருந்தார்.

சந்தேகப்பட்டதற்காகச் சம்பளம் வாங்கியவர் என்று அவரைச் சொன்னால் தப்பில்லை. ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது, சந்தேகம் நிற்கவில்லை. பால் பாக்கெட்டை எடை போட்டார். தபாலில் வரும் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, யாராவது ஒட்டுப் பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்தார். நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, தொடுதிரை போனை வீட்டு வாசற்படி ஏற விடவில்லை. பொத்தான் வைத்த பழைய போன் ஒன்று போதும் என்றார். மகள் வாங்கிக் கொடுத்த மடிக்கணினியையும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அதிலிருந்த சிஸ்டம் எங்கோ வெளிநாட்டுக்கு ரகசியமாகத் தகவல் அனுப்புகிறது என்று கேள்விப்பட்டு, மருமகனை விட்டு அதை வழித்தெறிந்து லினக்ஸ் போடச் சொன்னார். லினக்ஸில் எல்லாக் கோப்பையும் திறந்து படித்துப் பார்க்கலாம், ஒளிவுமறைவு கிடையாது என்பது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. படித்துப் பார்க்கவும் செய்தார்.

இந்த மனிதரோடு முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய அவர் மனைவிக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

அவள் பெரிய மருத்துவமனை ஒன்றில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவள். இருபத்தெட்டு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அழுகிறவர்களையும் அதட்டுகிறவர்களையும் ஒரே குரலில் சமாளித்து, சரியான வார்டுக்குச் சேர்த்துவிட்டவள். ஊரில் பாதிப்பேர் அவள் குரலைக் கேட்டிருப்பார்கள், முகத்தைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. அந்தக் குரல் ஓய்வுக்குப் பிறகு மெல்லக் கரகரத்தது. சளி என்றார்கள், அலர்ஜி என்றார்கள். கடைசியில் குரல்வளையில் கட்டி என்றார்கள். உயிர் வேண்டுமானால் குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்று அறுவை மருத்துவர் சொன்னபோது, அரைக்கிராம் இன்னும் இரண்டு மருத்துவர்களிடம் சரிபார்த்தார். இருவரும் அதையே சொன்னார்கள். இந்த விஷயத்தில் அவருடைய சந்தேகம் தோற்றுப் போனதில் அவர் உடைந்துதான் போனார்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவள் குரல் எங்கேயும் பதிவாகவில்லை. வீட்டில் பதிவு செய்கிற மாதிரி போன் கிடையாது, ரெக்கார்டர் கிடையாது. மகளுடைய போனில் தேடியதில் இரண்டே துண்டுகள் அகப்பட்டன. இரண்டிலும் அவள் "என்னை எடுக்காதே" என்று மட்டும் சொல்கிறாள்.

மகள் தன் கேமராவைக் கொண்டுவந்தாள். அதற்கு ஒரு புது மெமரி கார்டை அரைக்கிராமே கடைக்குப் போய், நாலு கார்டைப் புரட்டிப் பார்த்து வாங்கினார். மருத்துவமனையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின மதியம், மனைவி தனியாகப் படுக்கை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கேமராவை அலமாரித் தட்டில் வைத்து முக்கால் மணி நேரம் பேசினாள். பிறகு கார்டைக் கழற்றி ஓர் உறையில் போட்டு ஒட்டி அவர் கையில் கொடுத்தாள். "ஆபரேஷன் முடிஞ்சு நான் வீட்டுக்கு வந்ததும் போடுங்க. நானும் பக்கத்துல இருக்கணும்" என்றாள். கேமராவை மகள் தன் ஊருக்கு எடுத்துப் போய்விட்டாள்.

அறுவை முடிந்து பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் மெல்லிய துணி. மூச்சு அந்த வழியாக, பேச்சு சிலேட்டு வழியாக. வந்து இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் காலை, உறை பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்று அவர் பார்த்து முடித்ததும், சிலேட்டில் 'போடுங்க' என்று எழுதிக் காட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

மடிக்கணினியின் இடப்பக்கத்தில் கார்டுக்கென்று ஒரு பிளவு இருந்தது. கார்டைத் தள்ளினார். 'க்ளிக்' என்று உள்ளே உட்கார்ந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. எடுத்து மறுபடி தள்ளினார். ஊதிப் பார்த்தார். அணைத்துப் போட்டார். கார்டு என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பதாகவே அந்த இயந்திரம் காட்டிக்கொள்ளவில்லை.

அரைக்கிராமுக்கு மூக்கில் வியர்த்தது.

முதல் சந்தேகம் மருத்துவமனை மேல். உறை பதினெட்டு நாள் அங்கே பையில் இருந்திருக்கிறது, யாராவது கார்டை மாற்றி வைத்திருந்தால்? நல்ல வேளையாக, வாங்கிய அன்றே கார்டின் பின்புறம் அச்சிட்டிருந்த நீண்ட எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். பூதக்கண்ணாடியில் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். சரியாக இருந்தது. இருந்தாலும் மனசு ஆறவில்லை. பரணிலிருந்து தன் சொந்தச் சின்னத் தராசை இறக்கித் துடைத்து, கார்டை எடை போட்டார். இரண்டு கிராமுக்கு ஒரு துளி குறைவு. போலிக் கார்டு என்றால் எடை குறையும் என்பது அவர் கணிப்பு.

மனைவி சிலேட்டில் எழுதினாள்: 'என் குரல் எத்தனை கிராம்?'

அவர் தராசைப் பெட்டிக்குள் வைத்தார்.

கார்டின் விளிம்பில் ஒரு குட்டிப் பூட்டு இருப்பதைக் கண்டுபிடித்து, அதை மேலே தள்ளியும் கீழே தள்ளியும் போட்டுப் பார்த்தார். பென்சில் அழிப்பானால் தங்க நிறக் கோடுகளை மெல்லத் தேய்த்தார். பிளவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அதற்கப்புறம் இரண்டாவது சந்தேகத்துக்கு வந்தார். அது மருமகன் மேல்.

"மாப்பிள்ளை, அந்த சிஸ்டத்தைப் போட்டது நீங்கதானே?" என்று போனில் ஆரம்பித்தார்.

"ஆமா மாமா. அஞ்சு வருஷமாச்சு. ஏன்?"

"போடறப்ப உள்ள இருந்து எதையாவது எடுத்துட்டீங்களா?"

மருமகன் பொறுமைசாலி. இந்த வீட்டில் பெண் எடுத்தவருக்கு வேறு வழியும் இல்லை. "கார்டு படிக்கலையா மாமா? கவலைப்படாதீங்க. கார்டைச் சொருகினதும் லேப்டாப் தனக்குள்ள ஒரு குறிப்பு எழுதிக்கும். அதைப் படிச்சா எங்க சிக்கல்னு தெரிஞ்சிடும். டெர்மினலைத் திறங்க, கறுப்பா ஒண்ணு வரும். நான் சொல்றதை டைப் பண்ணுங்க. முதல்ல சூடோ..."

"நில்லுங்க. சூடோன்னா என்ன?"

"நிர்வாகி அதிகாரம் குடுக்கிறது மாமா. பாஸ்வேர்டு கேக்கும்."

"அந்த அதிகாரம் உங்களுக்கு எதுக்கு?"

"எனக்கில்ல மாமா, உங்களுக்குத்தான். உங்க லேப்டாப்புல, உங்க கையால."

"போன்ல ஏமாத்தறவன் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறான்னு பேப்பர்ல போட்டிருக்கான்."

மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா, கார்டை எடுத்துக்கிட்டு இங்க வாங்க. கேமராவுல போட்டா ரெண்டு நிமிஷம்."

"ஆறு மணி நேரம் ரயில்ல. பையில இருந்து விழுந்துட்டா?"

"அப்ப கூரியர்ல அனுப்புங்க."

அவர் சிரித்தார். கூரியர்.

"எனக்கு லீவு அடுத்த மாசம்தான். அதுவரைக்கும் அம்மா காத்துக்கிட்டிருக்கணுமா? அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்கா. சிலேட்டுல சண்டை போடறா."

மறுநாள் கடைத்தெருவுக்குப் போய், கம்பியோடு தனியாக வரும் ஒரு கார்டு ரீடரை வாங்கிவந்தார். சொருகியதும் அதில் நீல விளக்கு எரிந்தது. அதற்குள் கார்டைப் போட்டார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. திரையில் பழையபடி ஒன்றுமில்லை. ரீடரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். அந்தக் கடைக்காரர் அதைத் தன் கணினியில் மாட்டி, தன் கார்டு ஒன்றைப் போட்டதும், யாரோ மலையேறிய படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

"ரீடர் நல்லாத்தான் இருக்கு சார். உங்க கார்டைக் குடுங்க, போட்டுக் காட்டறேன்."

கார்டு அவர் சட்டைப் பையில், இரண்டு உறைக்குள், ஊக்கு குத்திப் பத்திரமாக இருந்தது. "குடுக்க மாட்டேன்" என்றார்.

"நான் என்ன சாப்பிடப் போறேனா சார்?"

"காப்பி எடுத்துக்கிட்டா?"

கடைக்காரர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். விரல் நீட்டும் தூரத்தில் விடை இருந்தது. அதைப் பைக்குள் வைத்து ஊக்கு குத்திக்கொண்டு வீடு திரும்பிய மனிதரை என்னவென்று சொல்வது. எனக்குக் கோபம்தான் வருகிறது.

வழியெல்லாம் அவர் மனசுக்குள் கணக்கு ஓடியது. மடிக்கணினியின் பிளவும் படிக்கவில்லை. புது ரீடரும் படிக்கவில்லை. ரீடர் நல்ல ரீடர் என்று கண்ணால் பார்த்தாயிற்று. இரண்டு தராசு ஒரே எடையைக் காட்டினால் தப்பு தராசில் இல்லை, தட்டில் வைத்த சரக்கில் இருக்கிறது. முப்பத்துநான்கு வருஷப் பாடம் அது. அப்படியானால் கார்டில்தான் ஒன்றுமில்லை. கார்டைக் கடைசியாகக் கையாண்டது யார்?

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவி முன்னால் போய் நின்றார்.

"நிஜமாவே பேசினியா?" என்று கேட்டார். "இல்ல, பேசறதுக்கு மனசு வராம, வெறும் கார்டை எடுத்து உறையில போட்டுட்டியா? சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சிலேட்டை எடுத்தாள். அதில் காலையில் எழுதிய மருந்து நேரம் இருந்தது. அதை ஈரத் துணியால் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை நிதானமாகத் துடைத்தாள். வெறும் சிலேட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் அந்த வீட்டில் சாக்பீஸ் கீறும் சத்தம்கூட இல்லை. சாப்பாடு மேஜைக்கு வந்தது, மாத்திரை நேரத்துக்கு உள்ளே போனது, அவள் முகம் மட்டும் அவர் பக்கம் திரும்பவில்லை. பேசாதவளோடு இருப்பது வேறு, பேச மறுக்கிறவளோடு இருப்பது வேறு என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் பயந்தார். கார்டு வெறுமையாக இருந்துவிட்டால் அந்தக் குரல் இனி இல்லை. வெறுமையாக இல்லாவிட்டால், தான் கேட்ட கேள்வியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மூன்றாம் நாள் அவளே சிலேட்டை நிமிர்த்தி ஒரு எண்ணை எழுதிக் காட்டினாள். கீழே 'கம்ப்யூட்டர் மெக்கானிக் அம்மா. ஆஸ்பத்திரிக்கு வருவாங்க.'

"அந்தம்மா நம்பர் உனக்கு எப்படி ஞாபகம் இருக்கு?" என்றார் உடனே.

'எல்லா நம்பரும் ஞாபகம் இருக்கு' என்று எழுதினாள். அது உண்மைதான், அதில் அவரே சந்தேகப்பட்டதில்லை.

மெக்கானிக் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு கறுப்புப் பை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. வந்ததும் முதலில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க குரலைக் கேட்டாத்தான் எனக்கு அந்த ஆஸ்பத்திரியில வேலையே ஓடும்" என்றாள். மனைவியின் கண் கலங்கியது. அரைக்கிராம் தொண்டையைக் கனைத்துத் தன் நிபந்தனைகளை வாசித்தார். கார்டு அவர் கண்ணை விட்டு அகலக் கூடாது. நகல் எடுக்கக் கூடாது. என்ன தட்டினாலும் முதலில் வாயால் சொல்ல வேண்டும், அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.

"தாராளமா எழுதிக்கங்க சார்" என்றாள் அவள். "நானே வீட்டுக்குப் போய் மறந்துடுவேன்."

முதல் கட்டளை, இயந்திரத்துக்குள் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று பட்டியல் கேட்டது. விறுவிறுவென்று வரிகள் ஓடின. ஒரு வரியில் விரலை வைத்தாள். "பாத்தீங்களா, கார்டு ரீடர் இருக்கு. உடைஞ்சு போகல."

இரண்டாவது கட்டளை, மருமகன் சொன்ன அந்தக் குறிப்பைத் திரையில் திறந்து வைத்தது. "இப்ப கார்டைப் போடுங்க சார்." போட்டார். ஒரு வரிகூட வரவில்லை. நீல விளக்கு ரீடரை மாட்டச் சொன்னாள். அதற்கு மட்டும் ஏதோ ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது என்று நாலு வரி வந்து அதோடு நின்றது.

"கார்டு மேல தப்பு இருந்தா, படிக்க முடியலன்னு புலம்பி நாலு வரி எழுதும். இது புலம்பவே இல்ல. அப்படின்னா கார்டுகிட்ட அது போகவே இல்ல. ரீடரை இயக்கற டிரைவர் எழுந்து வரல. கையால கூப்பிட்டுப் பாப்போம். பாஸ்வேர்டு போடுங்க."

அவர் ஒரு கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு தட்டினார். அவள் மரியாதையாகக் கூரையைப் பார்த்தாள். டிரைவரை ஏற்றச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். முடியாது என்று ஒற்றை வரியில் மறுத்தது. யூஎஸ்பி வழியாக மாட்டும் நீல விளக்கு ரீடருக்கானதையும் கேட்டாள். அதுவும் மறுத்தது.

மெக்கானிக் அம்மா கண்ணாடியைத் தூக்கி மாட்டிக்கொண்டாள். "இது தானா வந்த கோளாறு இல்ல சார். இந்த ரெண்டையும் எழுப்பக் கூடாதுன்னு யாரோ வேணும்னே தடை போட்டிருக்காங்க."

அரைக்கிராம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். இந்த நாலு வாரத்தில் அவர் முகத்தில் இவ்வளவு வெளிச்சம் வந்ததில்லை. "நான் சொன்னேன்ல?" என்றார் மனைவியைப் பார்த்து. "சொன்னா யாரு கேக்கறீங்க. யாரோ உள்ள புகுந்திருக்கான். யாருன்னு கண்டுபிடிங்கம்மா. தேதி இருக்குமா? கைரேகை மாதிரி ஏதாவது விட்டிருப்பானே?"

"பாக்கலாம். இந்த மாதிரித் தடையெல்லாம் ஒரே ஃபோல்டர்லதான் எழுதி வெச்சிருப்பாங்க."

ஃபோல்டரைத் திறந்தாள். சிஸ்டம் தானாகப் போட்ட கோப்புகளுக்கு நடுவில், யாரோ தனியாகப் போட்ட ஒன்று இருந்தது. அதைத் திறந்தாள். கார்டு ரீடருக்கு இரண்டு வரி, யூஎஸ்பி சேமிப்புக்கு இரண்டு வரி, எல்லாம் சுத்தமாகத் தட்டப்பட்டிருந்தன. அவற்றுக்கு மேலே தமிழில் ஒரு குறிப்பு இருந்தது. அதை அவள் சத்தமாகப் படித்தாள்.

"'சோதித்து மூடப்பட்டது. முத்திரையை உடைப்பவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். மூன்றாம் காலாண்டு. ஆய்வாளர் எண் பதினேழு.'" படித்துவிட்டு இவர் பக்கம் திரும்பினாள். "பதினேழு யாரு சார்?"

அரைக்கிராம் முகத்தில் ஈயாடவில்லை.

ஒவ்வொரு தராசிலும் ஆய்வாளர் தன் எண்ணையும் காலாண்டையும் ஈயத்தில் குத்த வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை, ஆயிரக்கணக்கான தராசுகளில் அவர் குத்திய எண் பதினேழு.

மெல்ல நினைவுக்கு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், விரல்நகம் அளவு கார்டைச் சொருகி யாரோ ஓர் அலுவலகத்தின் ரகசியங்களை அள்ளிப் போனதாகப் பத்திரிகையில் படித்தார். கணினிப் பத்திரிகை ஒன்றில் அதைத் தடுக்கும் வழி போட்டிருந்தது. ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஓர் எழுத்துப் பிசகாமல் தட்டினார். அன்றைக்கு அவருக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ரகசியம் வெளியே போய்விடுமே. அதற்கப்புறம் கார்டு போட வேண்டிய வேலையே வரவில்லை, அவரும் மறந்துபோனார்.

"நல்லாத்தான் பூட்டியிருக்கீங்க" என்றாள் மெக்கானிக் அம்மா. "எங்க ஆஸ்பத்திரியில சொல்லிச் சொல்லிப் பாக்கறேன், ஒருத்தரும் இவ்வளவு சுத்தமா பண்ண மாட்டேங்கறாங்க."

மனைவியின் தோள்கள் குலுங்கின. கழுத்துத் துணி படபடத்து விசில் மாதிரி ஒரு காற்று வந்தது. சிரிக்கிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "மாப்பிள்ளை மேல தப்பு இல்ல" என்று பொதுவாகச் சொன்னார். "அந்தக் கடைக்காரர் மேலயும் தப்பு இல்ல." சொல்ல வேண்டிய மூன்றாவது ஆள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அது மட்டும் அவர் வாயில் வரவில்லை.

முத்திரையைத் தானேதான் உடைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று, அந்த நாலு வரியையும் ஒவ்வோர் எழுத்தாக அவரே அழித்தார். டிரைவர்கள் எழுந்தன. கார்டைத் தள்ளியதும் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் படம் எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரே ஒரு கோப்பு, நாற்பத்தொரு நிமிஷம்.

"முதல்ல ஒரு நகல் எடுத்து வெச்சிடுங்க சார். உங்க லேப்டாப்புலயேதான்" என்றாள் மெக்கானிக் அம்மா. அது முடிந்ததும் பையை மாட்டிக்கொண்டாள். இருந்து பார்க்கச் சொல்லி மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். "இல்லக்கா. இது உங்க வீட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர் பொத்தானை அழுத்தினார்.

படத்தில் அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் துணி இல்லை. "வணக்கம், மருத்துவமனை. யாரோட பேசணும்?" என்றாள். இருபத்தெட்டு வருஷம் சொன்ன வாசகம். கரகரப்புக்கு அடியில் பழைய குரல் அப்படியே இருந்தது. அரைக்கிராம் தன்னை அறியாமல் "ஆ" என்றார்.

மகள் எதிரே இருப்பதுபோலக் கேமராவைப் பார்த்துப் பேசினாள். மகள் பிறந்த அன்று மழையில் ஆம்புலன்ஸ் வராமல், தன் மருத்துவமனைக்குத் தானே போன் போட்டு, புது ஆபரேட்டரிடம் "கொஞ்சம் இருங்க" என்று பத்து நிமிஷம் காக்க வைக்கப்பட்ட கதையைச் சொன்னாள். வார்டு எண்களையெல்லாம் பாட்டு மாதிரி வரிசையாக ஒப்பித்தாள். பேரனுக்கு ஒரு விடுகதை போட்டு, விடையைச் சொல்ல மறந்தாள். அவர் இரண்டு தடவை சிரித்தார், ஒரு தடவை மூக்கைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவள் தன் குரலையே யாரோ தெரிந்தவர் குரலைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

முப்பத்தோராவது நிமிஷத்தில், படத்தில் 'சொடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தாள்.

"அப்பாவோட முட்டி" என்றாள் மகளுக்காகக் கேமராவிடம். "வெளிய நிக்கிறாரு. கதவுல காதை வெச்சுக்கிட்டு."

உண்மைதான். அன்று மதியம் அந்தக் கதவோரம் கால் மணி நேரம் நின்றார். தன்னைப் பற்றி மகளிடம் என்ன புகார் சொல்லி வைக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. தான் நின்றது யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க" என்றாள் படத்தில் இருந்தவள், கதவைப் பார்த்து. "கதவு தாழ் போடல. உள்ள வாங்க. மத்தவங்களுக்குக் கார்டுல சொல்லிட்டேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியதைக் கார்டுகிட்டச் சொல்ல எனக்குப் பிடிக்கல. நேர்ல சொல்லணும். இன்னிக்கு விட்டா அப்புறம் முடியாதுங்க."

அரை மணி நேரம் பேசிக் களைத்த குரல் அது. பாதி அறையைத்தான் தாண்டியிருக்கும். அன்று வெளியே நின்றவருக்கு வெறும் முணுமுணுப்பாகக் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள், அப்படியானால் என்னைப் பற்றித்தான் என்று அவர் முடிவு கட்டினார். ரோஷம் வந்தது. நுனிக்காலில் நடந்து முன்னறைக்குப் போய்ப் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டார்.

"என்னங்க. வாங்களேன்" என்றாள் படத்தில் இன்னொரு தடவை. விலகிப் போகும் காலடிச் சத்தம் லேசாகக் கேட்டது.

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. ஒன்பது நிமிஷம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை தொண்டையைச் சரிசெய்துகொண்டாள், யாரோ வரும்போது குரல் தயாராக இருக்க வேண்டும் என்பதுபோல. பிறகு எழுந்து வந்தாள். அவள் கை பெரிதாகி வந்து படம் முடிந்தது.

அறையில் அவள் கழுத்துத் துணி அசையும் சத்தம் மட்டும் இருந்தது. அவர் அவள் பக்கம் திரும்பினார். எத்தனையோ பேரை எத்தனையோ கேள்வி கேட்டவர், இந்த ஒன்றை மெல்லக் கேட்டார்.

"என்ன சொல்ல வந்த?"

அவள் சிலேட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சாக்பீஸை விரலுக்குள் உருட்டிக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். எழுதத் தொடங்கி, நிறுத்தி, கையால் அழித்தாள். பிறகு இரண்டே வார்த்தை எழுதி அவர் பக்கம் திருப்பினாள்.

'மறந்து போச்சு.'

பொய் எடையை ஒரு பார்வையில் பிடிக்கிறவர் அவர். இதையும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டார். 'நிஜமாவா?' என்ற கேள்வி வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்து நின்றது. "சரி" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.